கொடியில் பதினொரு நாப்பி

லைற்றைப் போடவில்லை. விறகடுப்பின் சின்னக் கதவைத் திறந்து வைத்து, அதன் வாயிலிருந்து வருகிற சிவப்பு வெளிச்சத்துக்குக் கொப்பியைச் சரித்துப் பிடித்து எழுதுகிறேன். இந்த நாட்டில் கார்த்திகை மாதத்தில் நாலு மணிக்கே இரவு வந்துவிடுகிறது. நாலு மணி. மன்னாரில் நாலு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு நிற்பார்கள். பிள்ளை கால் மணித்தியாலத்துக்கு முன்தான் நித்திரையானாள், இருபத்தேழு நாள் வயது, இன்னும் பெயர் வைக்கவில்லை, குஞ்சு என்றுதான் கூப்பிடுகிறோம். இவர் ஏழு மணிக்கு வருவார். ஏழு மணிக்கு இவரிடம் நான் ஒரு பதில் சொல்லவேண்டும். இடையில் மூன்று மணித்தியாலம் இருக்கிறது. வெளியே கொடியில் பிள்ளைக்குக் கட்டுகிற நாப்பித் துணி பதினொன்று கிடக்கிறது. மத்தியானம் போட்டேன், எண்ணித்தான் போட்டேன், இந்தக் குளிரில் துணி காயாது, விறைக்கும், மரப்பலகை மாதிரி நிற்கும். போய் எடுக்கலாம். பதினைந்து அடி தூரம். எழும்பிக் கதவைத் திறந்து பதினைந்து அடி நடந்து எடுத்துக்கொண்டு வரலாம். வருவேனா? மாட்டேன். திங்கட்கிழமையிலிருந்து இருட்டத் தொடங்கினால் நான் அந்தக் கதவைத் திறப்பதில்லை. கொன்வென்ற் விடுதியில் மௌன நேரம் என்று ஒன்று இருந்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கதைக்கக் கூடாது, எழுதலாம். கதைக்கப் பயந்தால் எழுதுகிற பழக்கம் அதிலிருந்து வந்தது. ஒன்பது வயதில் பிடித்தது, இருபத்தெட்டிலும் விடவில்லை.

ஊரின் பெயரை எழுதமாட்டேன். இந்த ஊருக்கு இரண்டு பெயர், சேர்பியர் சொல்வது ஒன்று, அல்பேனியர் சொல்வது ஒன்று, எதை எழுதினாலும் பக்கத்து வீட்டில் ஒருத்திக்குக் கோபம் வரும். சந்தியில் பெயர்ப்பலகையிலும் அப்படித்தான், இரண்டு பெயரும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதியிருக்கும், ஒன்றை யாரோ கறுப்புப் பெயின்ற் அடித்து மறைப்பார்கள், பிரதேச சபை ஆள் வந்து சுரண்டி மீண்டும் எழுதுவான், அடுத்த மாதம் மற்றது மறையும். ஊரில் பெயின்ற் விற்கிற கடை ஒன்றே ஒன்றுதான், கடைக்காரனுக்கு எல்லாம் தெரியும், ஒருவரிடமும் சொல்லமாட்டான் என்று பக்கத்து வீட்டு ஷுக்ரியே சொல்லிச் சிரிப்பாள். இது கொசோவோவில் ஒரு மலை மடிப்பில் கிடக்கிற சின்னப் பிரதேச சபை. பெரும்பான்மை சேர்பியர்கள், சிறுபான்மை அல்பேனியர்கள், சோளம், மிளகாய், பிளம் மரம், மேலே காடு, காட்டுக்குள் இருபத்துமூன்று வருடத்துக்கு முந்திய சண்டையில் விழுந்து வெடிக்காமல் கிடக்கிற குண்டுகள். அந்தக் குண்டுகளுக்காகத்தான் நாங்கள் வந்தோம். இவர், என் கணவர் அமலதாஸ், கண்ணிவெடி அகற்றுகிற ஒரு நிறுவனத்தில் பயிற்சியாளர். வன்னியில் பழகிய வேலை. முதலில் அகற்றியது தன் சின்னம்மாவின் கிணற்றடியில் கிடந்ததை. இங்கே சேர்பியர் காணியிலும் அல்பேனியர் காணியிலும் ஒரே மாதிரி முழங்காலில் இருந்து, ஒரே மாதிரி மண்ணை விரலால் வழித்து வழித்து எடுக்கிறார். “மண்ணுக்குள்ள கிடக்கிறதுக்கு ஆர் போட்டதெண்டு தெரியாது எமி, ஆர் மிதிக்கினம் எண்டும் தெரியாது” என்பார். எமல்டா என்ற என் பெயரை எமி ஆக்கியவர் இவர்தான்.

எண்ணிப் போட்டேன் என்றேன். ஏன் எண்ணினேன் என்றால் திங்கட்கிழமை. மூன்று கிழமை லீவில் நின்றவர் திங்கள்தான் வேலைக்குத் திரும்பினார். அதுவரை நாப்பி தோய்ப்பது போடுவது எடுப்பது எல்லாம் அவர்தான். திங்கள் நான் போட்டேன். விடுதியில் நாங்கள் இரவிலும் கொடியில் விட்டுவிடுவோம், காயாதது அடுத்த நாள் காயும், அறுபது பிள்ளைகளின் உடுப்பு, யார் எடுத்து யார் போடுவது. அப்படியே விட்டேன். ஆறு மணிக்கு யன்னலால் பார்த்தால் கொடி வெறுமை. காற்று இல்லை. கிளிப்புகள் மட்டும் வரிசையாகக் கயிற்றில் இருந்தன, குருவிகள் மாதிரி. அடுத்த நாள் காலை இவர் ஆறு மணிக்குப் புறப்பட்டுப் போன பிறகு கதவைத் திறக்கிறேன், வாசல்படியின் ஓரத்தில், விறகுப் பெட்டிக்குப் பின்னால், ஒரு பிளாஸ்ரிக் பையில் பத்து நாப்பியும் இருக்கிறது. காய்ந்து. நாலாக மடித்து. மேலே ஒரு சிவப்புக் கம்பளி நூல் கட்டி. செவ்வாய் பின்னேரமும் கொடி வெறுமையானது, புதன் காலை பை இருந்தது, நூலும் இருந்தது, ஆனால் இந்தத் தடவை மடிக்கவில்லை, சுருட்டியிருந்தது, இறுக்கி, சின்னச் சின்னப் பாண்துண்டு மாதிரி. இன்று காலை மறுபடியும் நாலாக மடிப்பு. பத்து வருடம் விடுதியில் அடுக்கு அலுமாரிக்குப் பொறுப்பாக இருந்தவள் நான், மடிப்பைப் பார்த்து இது யார் கை என்று சொல்லுவேன். இது இரண்டு கை. ஒரே நூல், இரண்டு கை. அப்படியென்றால் ஒருவர் இல்லை. ஒருவர் என்றால் திருடர், பைத்தியம், என்னவோ. இரண்டு பேர் என்றால் பேசி வைத்துச் செய்கிறார்கள். இந்த வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது, பகலில் ஆம்பிளை இல்லை, எங்களுக்குத் தெரியும் என்று சொல்கிறார்கள். கொடியைப் பார்த்து வீட்டை எண்ணுவார்கள். எனக்குத் தெரியும் அது. நீலச் சட்டை. இல்லை. அதை இப்போது வேண்டாம்.

பிள்ளை அசைந்தாள். இல்லை, நித்திரைதான். மூச்சு விடுகிறாளா என்று மூக்கின்கீழ் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். விடுகிறாள். பாலும் விறகுப் புகையும் கலந்த மணம் அவள் தலையில்.

இவருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் பதில் முடிந்துவிடும். பாலத்தடியில் நாலு நாளாக லொறிகளைக் குறுக்கே விட்டுப் பாதையை மறித்திருக்கிறார்கள், வாகன இலக்கத்தகட்டில் எந்த நாட்டு எழுத்து இருக்கவேண்டும் என்று பிரச்சினை. தகரத்துண்டு. தகரத்துண்டுதானே என்று யாரும் சிரிக்கலாம், நான் சிரிக்கமாட்டேன், எங்கள் நாட்டில் இலக்கத்தகட்டில் ஒரு சிங்கள எழுத்து ஏற எவ்வளவு நடந்தது என்று அப்பா கதை கதையாகச் சொல்லுவார். நிறுவனம் சொல்லிவிட்டது, வெளிநாட்டு ஊழியர் குடும்பங்கள் விரும்பினால் போகலாம், நாளைக்கு விடிய ஒரு வாகனம் காட்டுப் பாதையால் எல்லை தாண்டிப் போகும், போகிறவர்கள் பெயர் இன்று ஏழு மணிக்குள் வேண்டும். காலையில் சப்பாத்து மாட்டிக்கொண்டு கேட்டார். “நீரே சொல்லும் எமி. போறதெண்டால் உம்மையும் பிள்ளையையும் எழுதுறன். நான் வேலை முடிச்சுத் தை மாதம் வாறன்.” தை மாதம். தை மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு காட்டுக்குள் முழங்காலில் இருந்து மண் வழிக்கிற மனிதன். நான் போனால் இவரை இனிப் பார்ப்பேனா? நின்றால் பிள்ளைக்கு ஏதாவது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கிறேன், தட்டு ஒரு பக்கமும் சரியவில்லை.

பிள்ளை பிறக்கும் முன் இப்படிப் பயமில்லை. அதுதான் ஆச்சரியம். ஆறு மாதம் இந்த ஊரில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு திரிந்தேன், ஒரு பயமும் இல்லை. இடது பக்க வேலிக்கு அப்பால் டெசாங்கா, சேர்பியப் பெண், ஐம்பத்தைந்து வயது இருக்கும், பிரதேச சபையில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதுகிறவள், வாயில் எப்போதும் சிகரெட். வலது பக்கம் ஷுக்ரியே, அல்பேனியப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது கூட, தேன்பெட்டி வைத்திருக்கிறாள், முந்தி அமெரிக்க முகாமின் சமையலறையில் ஒன்பது வருடம் வேலை செய்ததால் ஒரு சமையலறை ஆங்கிலம் கதைப்பாள், எல்லா வசனமும் கட்டளை, கழுவு, நறுக்கு, சூடு, கவனம். டெசாங்காவுக்கு ஆங்கிலம் வராது, அதனால் அவள் சேர்பிய மொழியைச் சத்தமாகக் கதைப்பாள், சத்தமாகச் சொன்னால் விளங்கும் என்று நம்பிக்கை, நம்பினால் நம்புங்கள், மூன்று மாதத்தில் எனக்குப் பாதி விளங்கத் தொடங்கிவிட்டது. ஒருத்தி என்னை ஸ்னாய்கா என்பாள், மற்றவள் நுசே என்பாள், இரண்டுக்கும் புது மருமகள் என்றுதான் அர்த்தம். இவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் கதைத்து இருபத்துமூன்று வருடம். சண்டை வந்த வருடம் வசந்தத்தில் ஷுக்ரியேயின் வீடு எரிந்தது, அதே வருடம் கோடையில் டெசாங்காவின் தம்பி மாடு பார்க்கப் போனவன் திரும்பவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். யார் எரித்தார்கள், யார் கொண்டுபோனார்கள், நான் கேட்கவில்லை, கேட்கக் கூடாத கேள்வி எது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் இருவரும் வேறு ஊர் போகவில்லை. எரிந்த வீட்டை ஷுக்ரியே அதே இடத்தில் கட்டினாள். ஜேர்மனியில் மகன் கூப்பிடுகிறான், போகவில்லை. டெசாங்கா தம்பியின் மாட்டுக்கொட்டிலை வருடா வருடம் சுண்ணாம்பு அடிக்கிறாள், மாடு இல்லை. அதை நினைத்தால் எனக்கு ஏனோ நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

அவர்களுக்கு நடுவில் ஒரு நாய். எங்கள் வளவுக்குள் படுக்கும், இரண்டு வீட்டிலும் சாப்பிடும், டெசாங்கா மெதோ என்பாள், ஷுக்ரியே அரி என்பாள், இரண்டுமே கரடி. இருவருக்கும் ஒன்று சொல்லவேண்டுமென்றால் நாய்க்குச் சொல்லுவார்கள். பின்பக்கம் இருவரின் காணியும் தொடுகிற இடத்தில் பிளம் கிளை வேலி தாண்டினால் டெசாங்கா நாயைப் பார்த்து, மெதோ, சிலபேருக்குக் கத்தரிக்கோல் வாங்கக் காசில்லைப் போல என்பாள். ஷுக்ரியே அந்தப் பக்கத்திலிருந்து, அரி, பழம் விழுகிறபோது பொறுக்கித் தின்னுகிற வாய்க்குக் கிளை மட்டும் கசக்குதாம் என்பாள், அதையும் சேர்பிய மொழியிலேயே சொல்லுவாள், நாய்க்கு விளங்கவேண்டுமே. நாய் இரண்டு பக்கமும் வாலை ஆட்டும். கோடை முழுக்க நான் நடுவில் கதிரை போட்டு இருந்து மிளகாய் சுட்டு உரித்தேன், ஒருத்தி வேலிக்கு மேலால் பூசணிக்காய் தந்தாள், மற்றவள் தேனடை. வயிறு கூர்ப்பாக இருக்கிறது, மகள்தான் என்று இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

பிள்ளை பிறந்தது. ஒருத்தியும் வரவில்லை.

இதைத்தான் என்னால் சீரணிக்க முடியவில்லை. இருபத்தேழு நாள். பூசணிக்காயும் தேனும் தந்தவர்கள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர்கள், வேலிக்கு மேலால் தலையசைப்பதோடு சரி. இவர் பிறப்புப் பதிய பிரதேச சபைக்குப் போனபோது டெசாங்கா எழுதினாளாம், இனம் என்ற இடத்தில் சேர்பியர் அல்பேனியர் இரண்டும் இல்லாமல் ஏனையோர் என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் போட்டாளாம், நல்ல பேனையை இலாச்சியிலிருந்து எடுத்துத்தான் எழுதினாளாம், இந்த வருடம் இங்கே பிறந்தது ஆறு, இதோடு ஏழு என்றாளாம். ஆனால் வீட்டுக்கு வரவில்லை. பிறகு பாதை மறித்தார்கள். அதற்குப் பிறகு தலையசைப்பும் குறைந்தது, குளிர், எல்லோரும் உள்ளே. நான் கணக்குப் போட்டேன். நாட்டில் ஒன்று நடக்கப்போகிறதென்றால் முதலில் அயலார் வருவது நிற்கும். எங்கள் ஊரில் அப்படித்தான் தொடங்கும், கடைக்காரர் மிச்சக் காசைக் கையில் தராமல் மேசையில் வைப்பார். ஏனையோர். பெட்டிக்குள் ஒரு குஞ்சு. எண்ணிவிட்டார்கள்.

சரி, எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் அது சுற்றிச் சுற்றி வருகிறது. நீலச் சட்டை என் அண்ணனுடையது. ஜெறோம். பதினாறு வயது. எங்கள் வீட்டில் அவன் உடுப்பை வெளியே காயப்போடுவதில்லை. அம்மா குசினிக்குள் அடுப்புக்கு மேல் கயிறு கட்டி அதில் போடுவாள், அதனால் அண்ணன் எப்போதும் புகை மணப்பான், பெடியன்கள் கருவாடு என்று பகிடி பண்ணுவார்கள். வந்து ஆள் கொண்டுபோகிறவர்கள் வீட்டுக்குள் வரத் தேவையில்லை, கொடியைப் பார்ப்பார்கள், எந்த வீட்டில் எந்த அளவு சட்டை காய்கிறதோ அந்த வீட்டில் அந்த வயதுப் பிள்ளை. எனக்கு இது ஒருவரும் சொல்லவில்லை. நான் விடுதியிலிருந்து லீவில் வந்தவள், பதின்மூன்று வயது, கொன்வென்றில் பழகின சுறுசுறுப்பு, அம்மா சந்தையால் வருவதற்குள் எல்லா உடுப்பையும் தோய்த்து முற்றத்தில் அழகாக வரிசையாகப் போட்டேன். சட்டைகளைத் தலைகீழாக, மடிப்பு விழாமல், சிஸ்டர் காட்டின மாதிரி. நீலச் சட்டை நடுவில். பின்னேரம் பார்த்தால் கொடியில் நீலச் சட்டை மட்டும் இல்லை. மூன்றாம் நாள் விடிய வந்து அண்ணனைக் கொண்டுபோனார்கள். யார் வந்தது என்று எழுதமாட்டேன், அது இந்தக் கொப்பிக்கு வேண்டாம். அம்மா என்னை ஏசவில்லை. ஒரு சொல். ஒரு அடி. இல்லை. முற்றத்துக்குப் போய்க் கொடிக்கயிற்றை அவிழ்த்தாள், முழங்கையில் சுற்றினாள், சுற்றிச் சுற்றி, கூரைக்குள் சொருகினாள். பிறகு இரண்டு வருடத்தில் அவளும் இல்லை. பிள்ளை வளர்க்கிறது எப்படி என்று அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கிற வயதும் இல்லை. சிஸ்டர்மாரிடம் படித்தது போர்வை மூலையை எப்படிச் செருகுவது, சட்டைக் கொலரை எப்படி அயர்ன் பண்ணுவது. ஒரு பச்சைக் குழந்தையை என்ன செய்யவேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சத்தம்.

வளவுக்குள் சருகு மிதிபடுகிற சத்தம். நாய் குரைக்கவில்லை. ஏன் குரைக்கவில்லை? அடுப்புக் கதவைச் சாத்தினேன், இருட்டு, இதைத் தடவித் தடவி எழுதுகிறேன், வரி மேலே ஏறிப் போகும். அடுப்பு கிளறுகிற கம்பியை எடுத்து மடியில் வைத்திருக்கிறேன். யன்னல் சீலையில் ஒரு விரல் நீக்கல். மலைக்குப் பின்னால் இன்னும் ஒரு கீற்றுச் சிவப்பு மிச்சம். கொடிக்கு இடப்பக்கம் ஒரு உருவம். வலப்பக்கம் இன்னொன்று. இரண்டு பேர். சொன்னேனே, இரண்டு பேர். மரியாயே

இப்போது ஐந்தே முக்கால். லைற் எரிகிறது. நடந்ததை அப்படியே எழுதவேண்டும், ஒரு சொல் விடாமல். இரண்டு உருவமும் கொடியின் இரண்டு முனையிலும் நின்றன, நடுவில் விறைத்த நாப்பிகள் பலகை பலகையாக. ஒன்றின் வாயில் சின்னதாக ஒரு நெருப்புப் பொட்டு. சிகரெட். ஒன்றும் அசையவில்லை. பிறகு அந்த நெருப்புப் பொட்டு கீழே விழுந்து மிதிபட்டது, டெசாங்காவின் குரல், அந்தச் சத்தமான குரலை எங்கே கேட்டாலும் தெரியும். எனக்கு அப்போது பாதிதான் விளங்கியது, மீதியைப் பிறகு ஷுக்ரியே சொன்னாள், தன் பக்கத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பாள்.

“மெதோ, இந்தத் துணியைத் திங்கட்கிழமையிலிருந்து நான் எடுக்கிறேன். சிலபேர் வீட்டுக்குப் போகலாம்.”

“அரி, செவ்வாய்க்கிழமை இவள் கந்தோரில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாளே, சூரியன் இவளுக்காக நின்றதாமா என்று கேள்.”

“ஓ, அந்தச் சுருட்டல் இவளுடையதா? மெதோ, பிள்ளைத் துணியை முட்டைக்கோவா இலை மாதிரிச் சுருட்டி வைக்கிறாள். எந்த ஊர் வழக்கம்?”

“சிகரெட் மணக்க மடித்து வைக்கிறதைவிட நல்ல வழக்கம். அரி, வீட்டில் லைற் இல்லை, பார்த்தாயா?”

இருவரும் திரும்பி என் யன்னலைப் பார்த்தார்கள். அவர்களுக்கு நான் தெரிந்திருக்கமாட்டேன். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன், அவர்களைத் தெரிந்த பிறகும் கம்பியை விடவில்லை, தெரிந்தவர்கள் வந்தால் பயப்படத் தேவையில்லை என்று யார் சொன்னது, தெரிந்தவர்கள்தானே எண்ணிச் சொல்லுவார்கள். கதவில் தட்டு. நான் திறக்கவில்லை. இன்னொரு தட்டு. அப்போது குஞ்சு அழத் தொடங்கினாள், முழுத் தொண்டையில், இந்த வீட்டில் நான் இருக்கிறேன் என்று ஊருக்கே சொல்கிற மாதிரி. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? திறந்தேன்.

ஷுக்ரியே என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து சுவரில் தடவி லைற்றைப் போட்டாள். கம்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கம்பியை என் கையிலிருந்து வாங்கி அடுப்பைக் கிளறி, ஒரு விறகையும் வைத்துவிட்டு, “இருட்டு. தனிய. நாற்பது நாளுக்குள்ளே. உனக்குப் பைத்தியமா நுசே?” என்றாள் தன் சமையலறை ஆங்கிலத்தில். டெசாங்கா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள், உள்ளே ஒரு கால் வைக்கவில்லை, அங்கேயிருந்து கத்தினாள், குளிர்காற்று முழுக்க உள்ளே. அவள் கையில் ஆறு நாப்பி, ஷுக்ரியே கையில் ஐந்து, இடையில் எப்போது பங்கு போட்டார்களோ. பிறகு கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக விளங்கியது. பிள்ளை பிறந்து நாற்பது நாளுக்கு அதன் துணி சூரியன் மறைந்த பிறகு வெளியே கிடக்கக் கூடாது. இருட்டில் திரிகிற கெட்டது துணியில் ஏறிப் பிள்ளையிடம் வரும். சிவப்பு நூல் அதை நிறுத்தும். இது இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டம். சட்டம் பிரிகிற இடம் வேறு. டெசாங்கா வீட்டு வழக்கத்தில் நாற்பது நாள் முடியும்வரை வெளியாள் ஒருவரும் தாயையும் பிள்ளையையும் பார்க்கப் போகக் கூடாது, கண் படும், நோய் வரும், தள்ளி நிற்பதுதான் மரியாதை. ஷுக்ரியே வீட்டு வழக்கத்தில் நாற்பது நாளும் தாயை ஒரு நிமிடம் தனியே விடக்கூடாது. “அப்போ நீங்கள் ஏன் வரவில்லை?” என்று ஷுக்ரியேயைக் கேட்டேன், கேட்டதே வெட்கமாக இருந்தது. அவள் வாசலில் நிற்கிறவளைப் பார்க்காமல் தலையால் மட்டும் காட்டினாள். “உன் புருசன் வீட்டில் நின்றான், நீ தனிய இல்லை. திங்கள் அவன் போனான். நான் வர வெளிக்கிட்டேன். இது வேலியில் நின்று நாயிடம் சொல்லுது, நாற்பது நாளுக்குள் ஆள் போனால் பிள்ளைக்கு ஆகாது என்று. ஆகாது என்று ஒரு வாய் சொன்ன பிறகு எப்படி வருவது? பிள்ளைக்கு ஒன்று வந்தால்? அதனால் துணியை மட்டும் எடுத்தேன். இன்று லைற்றும் இல்லை, இனி எப்படி வெளியே நிற்பது?” எரிந்த வீட்டுக்காரி, அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு என் வாசலுக்கு வராமல் நின்றிருக்கிறாள். பிள்ளை விசயம் என்பதால். நான் இதை அயலார் விலகுகிறார்கள் என்று எண்ணியிருக்கிறேன்.

“இருபத்தேழு” என்று டெசாங்கா வெளியிலிருந்து விரல்களை விரித்து மடக்கிக் காட்டினாள். “இன்னும் பதின்மூன்று.” ஷுக்ரியேயும் “பதின்மூன்று” என்றாள், அடுப்பைப் பார்த்தபடி. இருவரும் தனித்தனியே எண்ணியிருக்கிறார்கள். ஒரு நாள் பிசகவில்லை. நான்கூட இடையில் ஒருநாள் விட்டுவிட்டு இவரைக் கேட்டேன். கொடியைப் பார்த்து என் வீட்டை எண்ணியவர்கள் இவர்கள்தான், என் கணக்கு அதுவரை சரி.

நாளைக்குப் போகச் சொல்கிறார்கள், பெயர் கொடுக்கவேண்டும் என்று சொன்னேன். ஷுக்ரியே பிள்ளையின் காலைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். காட்டுப் பாதையா, பச்சைப் பிள்ளையோடா என்றாள். பாதை மறித்த சொல் காதில் விழுந்ததும் டெசாங்கா வாசலில் இருந்து ஏதோ நீளமாகத் திட்டினாள், தன் தங்கை மகனும் அந்த லொறிகளுக்கு நடுவில் நிற்கிறானாம், இந்தக் குளிரில் தொப்பி போடாமல் போயிருக்கிறானாம், மடையன். ஷுக்ரியேயின் முகம் அந்த இடத்தில் அடைபட்டது. ஒரு கதவு சாத்தினது போல. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இனி எழும்பிப் போய்விடுவாள் என்று. போகவில்லை. நாப்பி ஒன்றை எடுத்து அடுப்புக்கு மேல் கம்பியில் விரித்தாள். இன்னொன்றை எடுத்தாள். “அரி” என்றாள், நாய் அப்போது டெசாங்காவின் காலடியில் குந்தியிருந்தது, “உள்ளே வரவும் மாட்டாள், கதவைச் சாத்தவும் மாட்டாள், பிள்ளைக்குக் குளிர்கிறது என்று சொல்.” டெசாங்கா நாயைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த ஆறையும் படிக்கு உள்ளே நீட்டினாள், உடம்பு வெளியே, கை மட்டும் வீட்டுக்குள். ஷுக்ரியே எழும்பிப் போய் அவற்றை வாங்கினாள். விரல் பட்டதா தெரியாது, நான் பார்க்கவேண்டிய விசயமில்லை, கண்ணை எடுத்துக்கொண்டேன். கதவைச் சாத்தினாள். வெளியே அந்தச் சப்பாத்துச் சத்தம் போகவில்லை. ஷுக்ரியே உள்ளே இருந்த ஒரு மணித்தியாலமும் டெசாங்கா வாசலில் நின்றாள், சிகரெட் பற்றவைக்கவில்லை, யன்னலால் பார்த்தேன். ஒருத்தியின் சட்டப்படி நான் தனியே இல்லை, மற்றவள் தன் சட்டப்படி என் படியைத் தாண்டவில்லை. ஆளுக்கு ஒரு பக்கமாகத்தான் போனார்கள். போகும்போதும் ஒருவருக்கொருவர் இரவு வணக்கம் சொல்லவில்லை. நாய்க்குச் சொன்னார்கள்.

அடுப்புக்கு மேல் பதினொரு நாப்பியும் காய்கிறது. புகை மணக்கும். மணக்கட்டும். அம்மா குசினிக்குள் அண்ணனின் சட்டையைக் கையால் தடவித் தடவி விரிப்பது ஞாபகம் வருகிறது, அதை இத்தனை வருடம் பயம் என்றுதான் நினைத்திருந்தேன். இன்னொன்றும் வருகிறது, சித்திக்குப் பிள்ளை பிறந்த நேரம், கோயிலில் ஆறு மணி மணியடித்ததும் அம்மா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடுவாள், குழந்தைத் துணியை அள்ளிக்கொண்டு வருவாள், பனி படும் என்றுதான் நினைத்தேன். கேட்டிருக்கலாம். பயம் போய்விட்டது என்று எழுதமாட்டேன், அது பொய். பாலத்தடியில் லொறிகள் நிற்கின்றன, சந்திப் பெயர்ப்பலகையில் நாளைக்கு எந்தப் பெயர் இருக்கும் தெரியாது, இவர் விடிய எழும்பிக் காட்டுக்குத்தான் போவார். ஆனால் இந்தப் பயத்தோடு ஒரு நிமிடம் சும்மா உட்கார முடிகிறது, என் மடியில் கம்பி இல்லை.

ஏழுக்குப் பத்து நிமிடம். மலைத் திருப்பத்தில் வாகன வெளிச்சம் தெரிகிறது, இவராகத்தான் இருக்கும். சப்பாத்தைக் கழற்றமுன்பே கேட்பார், பெயரை எழுதட்டோ எமி என்று. வேண்டாம் என்பேன். இன்னும் பதின்மூன்று நாள் கிடக்குது, அது முடியமட்டும் பிள்ளையை வெளியில எடுக்கேலாது, அயலட்டை விடாது என்பேன். விழிப்பார். விளங்கப்படுத்த நேரம் இருக்கிறது. நாளைக்கு நானே மூன்றரைக்கு வெளியே போய்க் கொடியைக் காலி பண்ணுவேன், இரண்டு வேலிக்கும் தெரியும்படி நின்று, எண்ணி எண்ணி எடுப்பேன். ஒன்றை மட்டும், அவர்கள் வந்து எடுக்கட்டும் என்று, நடுவில் மறந்துவிட்டு வருவேன். பிறகு லைற்றைப் போட்டுக்கொண்டு யன்னலடியில் இருப்பேன்.